சந்தனம் பூசிய ஹார்ட் டிஸ்க்

எங்கள் வீட்டுச் சாமித் தட்டில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தது. கம்ப்யூட்டர் பழுதாகிப் பழைய இரும்புக்குப் போனபோது இதை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டோம். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் என் அப்பா கரகம் எடுத்த வீடியோ இதில்தான் இருந்தது. அம்மன் இருக்கிற பொருள் என்று மனைவி அதைச் சாமித் தட்டில் வைத்துவிட்டாள். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் பிள்ளைகளின் புத்தகங்களோடு அதற்கும் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைப்பாள். நானும் விழுந்து கும்பிட்டிருக்கிறேன்.

இந்த வருடம் அந்த வீடியோ தேவைப்பட்டது. கொழும்பில் கடை வேலையில் இருக்கிற என் மகன், திருவிழாவுக்கு வந்து தாத்தாவைப் போலக் கரகம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். கோயில் கமிட்டியில் கேட்கப் போனேன். தலைவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“ஒங்க வீட்டுக்கு அந்த வழக்கம் இல்லியே.”

“எங்கப்பா எடுத்தாருங்க தலைவரே. தோட்டமே பாத்துச்சு. வீடியோகூட இருக்கு.”

“பாத்தவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. வாயால சொன்னா நான்கூடத்தான் ஏரோப்ளேன் ஓட்டினேன். வீடியோ இருக்குன்னீங்கள்ல, கொண்டாந்து காட்டுங்க.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கள் லயத்து வரிசை வீடு வரைக்கும் என் கூடவே வந்தது.

பண்டாரவளையில் யூ.எஸ்.பி. வயர் ஒன்று வாங்கிவந்து, ஒரு முனையை டிஸ்கிலும் மறுமுனையை மகள் படிக்கிற லேப்டாப்பிலும் சொருகினேன். ஒன்றும் வரவில்லை. டிஸ்கைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே டிக் டிக் என்று இழுத்தது, பிறகு அடங்கிப் போனது. மனைவி கற்பூரம் ஏற்றிக் காட்டினாள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் பதுளைக்குப் பஸ் ஏறினேன். பஸாரில் கம்ப்யூட்டர் திருத்துகிற முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், அண்ணன் முறையில் எல்லோருக்கும் அவர் நானாதான். சிவப்புத் துணியை அவிழ்த்து டிஸ்கை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னாண்ணே இது, பூவும் பழமும்தான் கொறையா இருக்கு.”

“சாமி இருக்குற பொருளுங்க நானா.”

“சாமி உள்ள இருக்கட்டும். கரண்டு உள்ள போகணுமே! இது பெரிய கம்ப்யூட்டர் டிஸ்க். லேப்டாப்புல இருந்து வர்ற கரண்டு இதச் சுத்திவிடவே பத்தாது.”

தனியாகக் கரண்ட் கொடுக்கிற வேறொரு அடாப்டரில் மாட்டினார். டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் திரையில் எதுவும் வரவில்லை. நானா டோர்ச் அடித்து, வயர் சொருகுகிற இடத்தைப் பார்த்தார். பித்தளை மாதிரி மின்ன வேண்டிய பற்களின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகிக் கிடந்தன.

“எத்தன வருசத்துப் பூசண்ணே இது?”

ஸ்பிரிட் தொட்டுச் சின்னத் தூரிகையால் துடைக்கத் துடைக்க, பஞ்சு சிவந்துகொண்டே வந்தது. மறுபடி மாட்டினார். இந்தத் தடவை திரையில் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. திறக்கட்டுமா என்றுதான் கேட்கிறது என்று நினைத்து விரலை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“கைய எடுங்கண்ணே! அத அமுக்கினா எல்லாம் அழிஞ்சிரும். சாமியும் இல்ல, ஒங்கப்பாவும் இல்ல.”

இன்னொரு முறை துடைத்து, வயரை மாற்றி, வேறு கம்ப்யூட்டரில் போட்டதும் திறந்துகொண்டது.

அப்பா வந்தார். மஞ்சள் வேட்டி, தலையில் பூக்கரகம், முகமெல்லாம் வேர்வை. ஒவ்வொரு லயத்து வாசலிலும் பெண்கள் அவர் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். அப்பா இருந்த காலத்தில், வீட்டில் இந்த வீடியோவைப் போடும்போதெல்லாம் இந்த இடத்தோடு எழுந்து நிறுத்திவிடுவார். “போதும், சாமியப் பாத்தாச்சு” என்பார். அந்த வருடத் திருவிழாவுக்கு நான் ஊரில் இல்லை; மிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

நானா நிறுத்தவில்லை. கரகம் கோயில் வாசலுக்கு வந்தது. உள்ளேயிருந்து ஒருவர் வந்து அப்பாவின் தலையிலிருந்து கரகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். அப்பா மட்டும் வாசலுக்கு வெளியே, மழையில் நின்றார். பூசாரி வந்து, நீட்டிய கையில் படாமல் உயரத்திலிருந்து திருநீற்றைப் போட்டார். அப்பா அதைச் சிந்தாமல் வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டார்.

“ஏண்ணே, அவரு உள்ள போகல?” என்று கேட்டார் நானா.

“கூட்டம்” என்றேன்.

மாரியாத்தா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பாள்? அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காட்டாமலே விட்டிருக்கலாம். ஆனால் மகனுடைய ஆசை. அதோடு, இப்போது யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்றும் எனக்கு ஒரு நம்பிக்கை. நானா பென் டிரைவில் போட்டுக் கொடுத்ததைக் கமிட்டியில் காட்டினேன். தலைவர் கடைசி வரை பார்த்தார். இந்த முறை என்னை உட்காரச் சொன்னார்.

“அடடே, எடுத்திருக்காரே! சரி, மகனும் எடுக்கட்டும். வாசல் வரைக்கும் கொண்டாந்து குடுத்துறணும், அவ்வளவுதான்.”

“காலம் மாறிப் போச்சுங்களே தலைவரே...”

“வழக்கம் என்னான்னு வீடியோ கொண்டாந்து காட்டுனது நீங்கதானே?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயந்தரம் மகன் கொழும்பிலிருந்து போன் எடுத்தான்.

“என்னாப்பா, ஒத்துக்கிட்டாங்களா?”

“ஒத்துக்கிட்டாங்க.”

“நான்தான் சொன்னேன்ல! லீவு போட்டுர்றேம்பா. அம்மாவ மஞ்ச வேட்டி எடுத்து வைக்கச் சொல்லுங்க.”

வாசலோடு நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள் என்று மனைவி கையைக் காட்டினாள்.

“வெரதம் மட்டும் சுத்தமா இருய்யா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.