நாற்பத்தொரு காலி பலூன்கள்

எங்கள் ஐந்து சூப்பர் ஹீரோக்களையும் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் பாகம் பிரித்துக்கொண்டோம். சிரிக்காதீர்கள். கடலூர் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர் என் நண்பனின் தாய்மாமா. மூன்று ஏக்கர் நஞ்சையைப் பிரிக்க என்ன எழுதுவாரோ அதையேதான் எழுதினார். அ தபசிலில் உள்ளவர்கள் எனக்கு, ஆ தபசிலில் உள்ளவர்கள் அவனுக்கு. ஒருவர் பாகத்தில் மற்றவருக்கு இனி யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது. நான்கெல்லைக்கு என்ன போடுவது என்று மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இது 2009இல் நடந்தது.

அந்த ஐந்து பேரை வைத்து நாங்கள் படக்கதைப் புத்தகம் தொடங்கியது அதற்கு நான்கு வருஷம் முன்னால். எனக்கு செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் லேப் வேலை, செம்மண்டலத்தில் வாடகை வீடு. அக்காவை நெல்லிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் என்னோடு பேச டிவியை விட்டால் ஆள் கிடையாது. அவன் என்னோடு கல்லூரியில் படித்தவன். சிதம்பரத்தில் யுனிவர்சிட்டி பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் தங்கி, மாணவர்களுக்கு ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தான். தவளையின் இதயம், செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டு, இப்படி.

கதை என்னுடையது, படம் அவனுடையது. 2004 டிசம்பருக்குப் பிறகு கடலூர்க்காரன் யார் கதை எழுத உட்கார்ந்தாலும் கடலைக் கையால் நிறுத்துகிற ஒருத்தி வரத்தான் செய்வாள். எங்கள் கதையிலும் வந்தாள். அவளுக்கு ஓர் அண்ணன், எத்தனை மைல் தள்ளி யார் பேசினாலும் அவன் காதில் விழும். இரும்பை வளைக்கிற ஒருவன். என் கம்பெனிப் பக்கத்து நாற்றத்தில் பிறந்து, நினைத்தபோது புகையாக மாறுகிற ஒருத்தி. இவர்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு டவுன் பஸ் டிரைவர். அவருக்குச் சக்தி ஒன்றும் கிடையாது, ஆனால் எந்த நிறுத்தத்திலும் நிறுத்த மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவான். நான் அறைக்குள் நடந்தபடி ஐந்து பேர் குரலிலும் மாறி மாறிப் பேசுவேன். அவன் தரையில் உட்கார்ந்து வரைவான். மத்தியானம் நான் சாம்பார் வைப்பேன், வாயில் வைக்க முடியாது, அவன் சாப்பிடுவான். சிதம்பரத்தில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கறுப்பும் நீலமுமாக முப்பத்திரண்டு பக்கம், ஐந்நூறு பிரதி அச்சடித்தோம். முதல் இதழை கடலூர் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டபோது இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் நின்று யார் வாங்குகிறார்கள் என்று ஒரு மணி நேரம் பார்த்தோம். ஒருத்தரும் வாங்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

கெடுத்தது நான்தான். நான்காவது இதழைப் பற்றி சென்னைப் பத்திரிகை ஒன்று நாலு வரி எழுதியது. நாலு வரியும் படங்களைப் பற்றி. கதை என்று ஒன்று இருப்பதாகவே அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஐந்தாவது இதழ் அச்சுக்குப் போகிற வாரம் அவன் மஞ்சள்காமாலையில் படுத்திருந்தான். பிரஸ் வேலையை நான் பார்த்துக்கொண்டேன். அட்டையில் என் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டேன். அவன் பெயரைக் கடைசிப் பக்கத்தில், பிரஸ் விலாசத்துக்குக் கீழே போடச் சொன்னேன். பிரஸ்காரர் இரண்டு தரம் கேட்டார், நான் ஆமாம் என்றேன்.

உடம்பு தேறி வந்தவன் புத்தகத்தைப் புரட்டினான். கடைசிப் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்ததும் மூடி வைத்தான். "பிரிச்சிக்கலாம் மச்சான்" என்றான். சண்டை போட்டிருந்தால் நான் இறங்கி வந்திருப்பேனோ என்னவோ. தாராளமா பிரிச்சிக்கோ என்று சொல்லிவிட்டேன்.

பத்திரத்தில் காதுக்காரனும் புகைப்பெண்ணும் டிரைவரும் எனக்கு வந்தார்கள். கடல்காரியும் இரும்புக்காரனும் அவனுக்கு. அண்ணன் தங்கச்சிய ஏம்ப்பா பிரிக்கிறீங்க என்று மாமா கேட்டார். நான் சிரித்தேன்.

ஆறாவது இதழை நான் கொண்டுவரவே இல்லை. வரைய ஒருவனைப் பிடித்தேன். அவன் காதுக்காரனுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டி சினிமா ஹீரோ ஆக்கினான். இன்னொருவன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனைக் கட் பண்ணினான். பிறகு விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழக்கத்தில் இரண்டு ஆளுக்கு அரிசி போட்டுவிட்டு, திங்கட்கிழமை பழைய சோற்றைத் தின்பேன். வசனம் தோன்றும், அறைக்குள் நடந்து ஒன்றிரண்டு வரி சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன், கேட்க ஆள் இல்லாத இடத்தில் என் குரல் எனக்கே அசிங்கமாக இருக்கும். தனியாக இருந்தேன். அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

2011 நடுவில் பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டைக் கையில் கொடுத்தார். உங்க கூட்டாளி புக்கு, பலூன்ல எழுத்தே விழல, வாங்கினவன் திருப்பிக் கொண்டாந்து குடுக்குறான் என்றார். பிரித்துப் பார்த்தேன். கடல்காரி தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று பேசுகிறாள். பக்கத்துக்குப் பக்கம் பேசுகிறாள். எதிரே ஆள் இல்லை. காதுக்காரன் என் பங்கு என்பதால் அவனை வரையவில்லை. ஆனால் எங்கே இருந்தாலும் அவனுக்குக் கேட்கும் அல்லவா, அவனிடம்தான் பேசுகிறாள். வசனம் இருக்க வேண்டிய பலூன்கள் மொத்தம் நாற்பத்தொன்று. ஒன்றிலும் ஓர் எழுத்து இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் இல்லாமல் ஒரு வரி எழுத முடியவில்லை பார் என்று நினைத்தேன். அவனே தேடிக்கொண்டு வரட்டும் என்று வீம்பாக இருந்தேன். அவன் வரவில்லை.

வருஷக் கடைசியில் புயல் அடித்தது. கூரை, மரம், கம்பம் எல்லாம் போய் கடலூரே இருட்டில் கிடந்தது. கம்பெனியும் மூடியிருந்தது. பேச்சுத் துணைக்கு இருந்த டிவியும் இல்லை. பகல் வெளிச்சத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு நாற்பத்தொரு பலூனையும் நிரப்பினேன். அண்ணா திரும்பி வா, நீ இல்லாமல் கடல் என் பேச்சைக் கேட்பதில்லை, இந்த மாதிரி. எழுதும்போது அழுதேன். நான் எழுதியதிலேயே அதுதான் உசத்தி என்று தோன்றியது.

பிப்ரவரியில் சிதம்பரம் போனேன். மாடிக் கதவை ஒரு பெண் திறந்தாள். அவன் மனைவி. கல்யாணமாகி எட்டு மாதமாம். எனக்குத் தெரியாது. உள்ளே வா மச்சான் என்றான், நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னான். நான் புத்தகத்தை நீட்டினேன். ஜன்னல் பக்கம் நின்று முதலிலிருந்து கடைசி வரை பொறுமையாகப் படித்தான்.

"அவ மூஞ்சிய பாத்தியா நீ?" என்றான்.

பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன். புருவம் இரண்டும் நெரிந்திருந்தன. விரல் நேராக என்னை நோக்கி நீண்டிருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் தலைக்கு மேல் ஒரு பறவை போகிறது என்று நினைத்து, அண்ணா அந்தப் பறவையைப் பார் என்று எழுதியிருந்தேன். அது பறவை இல்லை. அவள் கழற்றி வீசிய செருப்பு.

"அவ உன்ன திட்டுறா. மொத பக்கத்துலேர்ந்து திட்டுறா. அச்சுல போட முடியாத திட்டு, அதான் காலியா உட்டேன். படத்த பாத்தாலே உனக்குப் புரிஞ்சிரும்னு நெனச்சேன்."

நான்கு வருஷம் என் எதிரே உட்கார்ந்து வரைந்தவன். அத்தனை நாளும் நான் பார்த்தது பலூனுக்கு இடம் போதுமா என்பதை மட்டும்தான். எனக்கு அவமானமாக இருந்தது. இன்னொரு காலிப் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். அலமாரி மேல் கட்டுக் கட்டாக இருந்தது. ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். நீ சொல்லு, நான் எழுதுறேன், ஒண்ணு விடாம திட்டு என்றேன்.

சிரித்துக்கொண்டே எதிரே உட்கார்ந்தான்.

"எம் பேர எங்கடா போட்ட?"

எழுதினேன்.

"ஒரு நாளாவது, கை நல்லா வந்துருக்குடான்னு சொல்லியிருப்பியா?"

அதையும் எழுதினேன். மூன்றாவது ஒரு கெட்ட வார்த்தை. அதை இங்கே எழுத மாட்டேன், பலூனில் எழுதினேன். நாலாவதற்குக் காத்திருந்தேன். அவன் தரையைப் பார்த்து யோசித்தான். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் பாதி டம்ளர் குடித்தான்.

"வரல மச்சான்."

யோசிச்சுப் பாருடா என்றேன்.

"யோசிச்சா வர்றதா அது? போன வருஷம் நீ வந்துருந்தா நாள் பூரா திட்டியிருப்பேன். இப்ப உம்மேல கோவமே இல்ல."

மன்னித்துவிட்டான் என்று ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் பேனாவை மூடவில்லை. அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செம்மண்டலத்தில் கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்டான். கடலூரிலிருந்து யார் வந்தாலும், முன்பின் தெரியாதவனாக இருந்தாலும், அப்போது எல்லாரும் கேட்ட கேள்வி அது. வந்துடுச்சு என்றேன்.