அப்பாவைக் கூட்டிட்டு வா

போன திங்கட்கிழமை. ஸ்கூல் திறந்து மூன்றாவது நாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் டீச்சர் நோட்டும் பேனாவுமாக என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இருபது வருஷ சர்வீஸ் உங்களுக்கு. எனக்கு ஏதாச்சும் அட்வைஸ் சொல்லுங்களேன் டீச்சர்."

கேட்க வேண்டுமா? வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஊருக்கே அட்வைஸ் செய்கிறவள் நான்! தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கும்போதுதான் வாசலில் ஒரு குரல்.

"டீச்சர்... உள்ள வரலாமா?"

ஒரு பெண். கையைப் பிடித்துக்கொண்டு சின்ன மகள். "என்னயத் தெரியுதா டீச்சர்? முத்துமாரி. உங்ககிட்ட ஏழாங் கிளாஸ் படிச்சேன்."

தெரியாமல் என்ன? அந்த முகத்தை மறக்கத்தான் இத்தனை வருஷமாக முயற்சி செய்கிறேன்.

நெல்வயல் சூழ்ந்த சித்தூரிலிருந்து, மலைமேல் ஏலத்தோட்ட ஊரான இந்தச் சாந்தன்பாறைக்கு நான் வேலைக்கு வந்த முதல் வருஷம் அது. சீனியர் டீச்சர்கள் எல்லோரிடமிருந்தும் ஒரே அட்வைஸ்தான் — "ஆரம்பத்துலயே ஸ்ட்ரிக்டா இருங்க. இல்லேன்னா தலையில ஏறி உக்காந்துக்குவாங்க." இருந்தேன். லேட்டாக வந்தால் வெளியே. எதிர்த்துப் பேசினால் மறுநாளும் வெளியே.

ஏலக்காய் எடுக்கும் சீசன். முத்துமாரி தினமும் லேட். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா. அப்பத்தான் உள்ள" என்றேன். எங்கள் சித்தூர்ப் பக்கம் இது போதும். மறுநாளே வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்து, "ஏனுங்க டீச்சர், என்ன பண்ணுனா எம் புள்ள?" என்று அப்பா நிற்பார். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

மூன்று நாள் தனியாக வந்தாள். மூன்று நாளும் வராந்தாவில், மழைச் சாரலில் நின்றாள். வாயே திறக்கவில்லை. என்ன திமிர் என்று நினைத்தேன். நான்காம் நாள் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள்... "அவ அப்பா போன வருசமே செத்துட்டாரு டீச்சர். அம்மா விடியுமுன்ன காய் எடுக்கப் போயிரும். தம்பிய க்ரெச்சுல விட்டுட்டுத்தான் இவ வரணும்."

ரெஜிஸ்டரில் அப்பா பெயர் அப்படியே இருந்தது. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாவது சொல்லியிருக்கலாமே? எதிர்த்துப் பேசக் கூடாது என்று சட்டம் போட்டது யார்?

தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்துக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. வண்டன்மேட்டுப் பக்கம் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் போய்த் தேடினேன். அப்புறம் பரீட்சை வந்தது... விட்டுவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

"அதுக்கப்புறம் எங்க படிச்சே?" என்று இப்போது கேட்டேன்.

"எங்க டீச்சர்... அம்மாகூடவே காய் எடுக்கப் போயிட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "இவள ஒண்ணாங் கிளாஸ்ல சேக்கணும். இவ அப்பா திருப்பூர்ல வேலையில இருக்காரு, வர முடியல. நான் மட்டும் வந்தா... சேத்துக்குவீங்களா?"

எழுந்து வாசலுக்கே போனேன். "உள்ள வா கண்ணு. தப்பெல்லாம் என் மேலதான்."

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க டீச்சர்!" மகளின் தலையைத் தடவினாள். "டீச்சர் பேச்சக் கேட்டு நடக்கணும், என்ன? அம்மா கேக்கல. அதான் படிக்காமப் போனேன்."

இருபது வருஷமாக அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

புது டீச்சர் இன்னும் பேனாவைத் திறந்தபடியே இருந்தார். ஒன்றுதான் சொன்னேன் — வாசலில் நிற்கிற பிள்ளையை முதலில் உள்ளே கூப்பிடுங்கள், காரணத்தை அப்புறம் கேளுங்கள்.

முத்துமாரிக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன். அட்மிஷன் முடிகிறவரை அவள் உட்காரவே இல்லை.