கேட்டு வாங்காத மாதுளை

பளீல் நானா கம்பளையில் ஒரு மய்யித்து வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறார். முகத்தில் சாவு வீட்டுத் துக்கம் இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கையிலிருக்கும் குடையைப் பாருங்கள். கொளுத்தும் வெயிலில் மூடியே கிடக்கிற குடை ஒரு பக்கமாகப் புடைத்திருக்கிறது. எங்கள் தெரு வளைவைத் தாண்டியதும் அவர் நடை வேகம் பிடிக்கிறது. கேட்டைத் திறந்து உள்ளே போனவர் குடையைத் தலைகீழாகப் பிடித்து உதறுகிறார். மூன்று செவ்வரத்தைக் கொப்புகளும் ஒரு தேசிக்கொப்பும் விழுகின்றன.

"மய்யித்து வீட்டிலுமா?" என்று கேட்டேன். நான் எதிர்வீட்டுக்காரன். என்னிடம் அவர் எதையும் ஒளிப்பதில்லை.

"அவங்களுக்கு அழவே நேரம் போதாது கணேஸ். இதையும் கேட்டுக் கரச்சல் குடுக்கவா?"

கண்டி நகரத்தில் குடை திருத்தும் சின்னக் கடை அவருக்கு, வீடு மாவில்மடையில். வயது அறுபத்தொன்று. சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய கத்தரி ஒன்று எப்போதும் இருக்கும். குடைத்துணி வெட்டுவதற்காம். அந்தக் கத்தரி துணியைக் கண்டு எத்தனை வருடமோ! கொப்பு விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். "கேட்டு வாங்கின கொப்பு வேர் விடாது. கேட்ட உடனே மரத்துக்கு விளங்கிரும், பயத்துல விறைச்சுப் போயிரும்." இதை எங்கே படித்தீர்கள் என்றால், "அனுபவம்" என்பார். வாழ்நாளில் ஒரு கொப்பையும் கேட்டு வாங்காதவருக்கு அந்த அனுபவம் எப்படி வந்தது என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெட்டிய பிறகு அவர் காட்டும் பக்குவத்தை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். பென்சில் தடிப்பு, ஒரு சாண் நீளம். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுவார், நுனியை நேராக. "தலையும் காலும் மாறப்படாது, பாருங்க." அடியைச் செவ்விளநீரில் ஊற வைப்பார். அதனால் அந்த வீட்டு விருந்தாளிக்குச் செவ்விளநீர் முக்கால் கிளாஸ்தான் கிடைக்கும். ஆற்று மணலும் தும்புத்தூளும் கலந்து தயிர்ச்சட்டியில் நிரப்புவார். பழைய குடைக்கம்பியால் துளை போட்டு, தோல் உரசாமல் கொப்பை இறக்கி, மேலே ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துவிடுவார். மாடிப்படியில் சட்டி, குளியலறையில் சட்டி, அலுமாரிக்கு மேலும் சட்டி. "எங்கட வீட்டுல குளிக்கப் போறதெண்டா கொப்புகளுக்கு ஸலாம் செல்லிட்டுத்தான் போகணும்" என்பார் அவர் மனைவி றமீலா.

ஒவ்வொரு சட்டியிலும் ஓர் ஐஸ்கிறீம் குச்சி குத்தியிருக்கும். யார் வீடு, எந்தப் பக்கம், எந்த மாதம் என்று அதில் பென்சிலால் எழுதியிருப்பார். பேனை மழையில் கரைந்துவிடுமாம். தன் களவுக்குத் தானே சாட்சி எழுதி நட்டுவைக்கும் மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வேர் பிடித்ததைத் தானே வைத்துக்கொள்வாரா என்றால் அதுவும் இல்லை. நான் இங்கே குடிவந்த மறுவருடம் எனக்கும் ஓர் அரலிக் கன்று தந்தார். அது பூத்த அன்று உற்றுப் பார்த்தேன். அடப்பாவமே, கலஹாவில் என் மைத்துனர் வீட்டு வாசலில் நிற்கும் அதே அரலி! அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அவரைக் கூட்டிப்போனது நான்தான்.

இந்த வருடம் அவருக்கு ஹஜ்ஜுக்குப் பெயர் வந்தது. புறப்படுமுன் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, "ஹலாலாக்குங்க" என்று கேட்பது அவர்கள் வழக்கம். அடுத்தவர் பொருளைக் கழுத்தில் சுமந்துகொண்டு அங்கே போய் நிற்க முடியுமா? பளீல் நானா குச்சிகளைப் பார்த்துப் பட்டியல் எழுதினார். முப்பத்தேழு வீடுகள். இரண்டு கிழமை அலைந்தார், தெருவே சிரித்தது. தெருக்கோடி வீட்டு அழகம்மா, "ஐயோ நானா, நீங்க வெட்டுறத ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கத்தரி மொட்டையா இருக்கு, அடுத்த வாட்டி தீட்டிக்கிட்டு வாங்க" என்று பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்.

ஒரு வீடு மட்டும் மிஞ்சியது. என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெற்றீசியா டீச்சர் வீடு.

டீச்சர் வீட்டில் ஒரு மாதுளை நின்றது. மகள் தினுஷா பிறந்த வருடம் நட்டது. தினுஷா இப்போது இத்தாலியில் இருக்கிறாள். வருடாவருடம் முதல் பூவைப் படம் பிடித்து டீச்சர் அவளுக்கு அனுப்புவார். போன நவம்பர் மழையில் பின்மேடு சரிந்தபோது மரம் மண்ணோடு போய்விட்டது. "வீடு தப்பிச்சிச்சு, அதுக்கு நன்றி சொல்லாம மரத்துக்கு அழுவுறேனேனு எனக்கே வெக்கமா இருக்கு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். பக்கத்தில் நின்ற பளீல் நானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் பார்க்கமாட்டார்! அந்த மாதுளையின் கொப்பு ஒன்று அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெரிய சட்டியில் நாலு வருடமாக வளர்ந்து இடுப்பளவு நிற்கிறது. ஊருக்கெல்லாம் கன்று கொடுத்த மனிதர் அதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. இந்த மாதம்தான் முதல் மொட்டு வைத்திருக்கிறது. சொன்னால் மானமும் போகும், மரமும் போகும்.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது டீச்சர் வீட்டுக்குப் போனார். "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் செஞ்சீந்தா மன்னிச்சிருங்க டீச்சர்" என்றார். "சேச்சே, நீங்க என்ன செஞ்சிட்டீங்க நானா, நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார் டீச்சர். நம்ம ஆள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வீட்டுக்கு வந்தால், வாசலில் றமீலா நிற்கிறார்.

"மாதுளைய செல்லினீங்களா?"

"பொதுவாக் கேட்டேன்."

"எடுக்கக்குள்ள பொதுவாவா எடுத்தீங்க? மன்னிப்பு மட்டும் பத்தாது, பொருளும் போகணும். இல்லாட்டி அந்த மரம் உங்களுக்கு முந்தி மக்காவுக்குப் போய் சாட்சி செல்லும்."

அன்று பளீல் நானா சோறு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். சட்டியின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். அப்படியே தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தோம். டீச்சர் வீட்டின் புதுக் கல்கட்டுக்குக் கீழே சட்டியை இறக்கி வைத்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் குனிந்து மொட்டைத் தொட்டார். பிறகு குச்சியைப் பிடுங்கி வாசித்தார். 'பெற்றீசியா டீச்சர். சுவர்ப் பக்கம். ஓகஸ்ட்.' திரும்பவும் வாசித்தார். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. துடைக்கக்கூட இல்லை.

"எம் மரமா நானா?"

"உங்கட மரம்தான் டீச்சர்."

"அந்த ஓகஸ்ட்ல கொப்ப ஒடிச்சது கொரங்குனு இல்ல நெனச்சேன்! நான் கொரங்கத் திட்டினப்ப நீங்களும் கூட நின்னு திட்டினீங்களே!"

"திட்டினேன் டீச்சர். அதையும் சேத்து ஹலாலாக்குங்க."

டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். "மன்னிச்சேன் நானா, எல்லாத்துக்கும் மன்னிச்சேன். தினுஷாவுக்கு இன்னைக்கே படம் அனுப்பணும்" என்றார்.

நாங்கள் புறப்பட்டோம். கேட் வரை வந்த பளீல் நானா நின்றுவிட்டார். திரும்பிச் சட்டியைப் பார்த்தார். அவர் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போனது. போன கையைப் பாதியில் நிறுத்தி, மெதுவாகத் திரும்பி நடந்தார்.

"டீச்சர்... இதுல ஒரு கொப்பு எடுக்கவா?"

அறுபத்தொரு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டுவிட்டார். கேட்டதும் முகம் தொங்கிப்போயிற்று. இனி அது எங்கே வேர்விடப் போகிறது!

டீச்சர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். எடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சரிந்த மேட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இங்க வாங்க கணேஸ், மேட்டுல புல்லு எவ்வளவு நல்லா புடிச்சிருக்குனு பாருங்க."

நானும் போய்த் திரும்பி நின்று புல்லைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் கத்தரி ஒரு தரம் 'டக்' என்றது.