பஸ் ஸ்டாப்பில் கட்டிய முதல் வகுப்பு

பொன்செல்வியின் முகம் பஸ் ஸ்டாப்பில், பச்சை ஓரம் வைத்த பிளெக்ஸில், ஆறடி உயரத்துக்கு நின்றது. கன்னத்து மருவைக் கம்ப்யூட்டரில் அழித்திருந்தார்கள். 'பி.எஸ்சி. கணிதத்தில் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்று, சென்னையில் பணி நியமனம் பெற்ற எங்கள் குலவிளக்கே!' என்று மேலே எழுதியிருந்தது. கீழே எட்டு சொந்தக்காரர்கள் வரிசையாகச் சிரித்தார்கள். அதில் தாய்மாமன் பாண்டியின் படம் மட்டும் கொஞ்சம் பெரிது. பாவூர்சத்திரத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவர் அவர்தான்.

ஆடி மாதம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, அந்த வருஷம் படிப்பு முடித்த பிள்ளைகளுக்குத் தெருவில் பிளெக்ஸ் கட்டுவது வழக்கம். முதல் வகுப்பு வாங்கியவர்களை மேடைக்குக் கூப்பிட்டு ஊர்க் கமிட்டி எவர்சில்வர் குடம் கொடுக்கும். கொடை நெருங்கிவிட்டால் கடையில் வேலை தலைக்கு மேல் போய்விடும் என்று பாண்டி வைகாசியிலேயே அடித்துக் கட்டிவிட்டார். ரிசல்ட் அப்போது வந்திருக்கவில்லை.

"மாமா, ரிசல்ட் வரட்டும் மாமா" என்று அவள் சொல்லத்தான் செய்தாள்.

"வேலையே குடுத்துட்டான். பொறவு என்னட்டி பர்ஸ்ட் கிளாஸ் வராமப் போவுது?"

வேலை கொடுத்த கம்பெனியின் கடிதம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தை அம்மா பேச்சித்தாய் லேமினேஷன் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். இரண்டாம் பக்கம் பொன்செல்வியின் பைக்குள் நாலாக மடிந்து கிடந்தது. மூன்று வருஷ மொத்தத்தில் அறுபது சதவீதம் இருக்க வேண்டும், மதிப்பெண் பட்டியலை ஜூலை இருபதுக்குள் அனுப்ப வேண்டும், தவறினால் இந்த நியமனம் செல்லாது என்று அதில் இருந்தது. வீட்டில் அதைப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

ஜூன் கடைசியில் ரிசல்ட் வந்தது. மூவாயிரத்துக்கு ஆயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது. அறுபதுக்குப் பதினொரு மார்க் குறைவு.

கணக்குப் படித்தவள் என்பதால் எத்தனை விதமாகக் கூட்ட முடியுமோ அத்தனை விதமாகவும் கூட்டினாள். தமிழையும் இங்கிலீஷையும் தள்ளிவிட்டு கணக்குப் பாடங்களை மட்டும் எடுத்தால் அறுபத்தொன்று வந்தது. அதைப் பார்த்து அரை நாள் சோறு இறங்கியது. பிறகு மடித்த தாளைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாப் பாடங்களும் சேர்த்து என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது.

தென்காசியில் இருக்கும் அலிமாவிடம் மட்டும் சொன்னாள். ஒரே பெஞ்சில் மூன்று வருஷம் உட்கார்ந்தவள்.

"கடைசி செமஸ்டர்ல ஒரு பேப்பர் முப்பத்திநாலுதான போட்டிருக்கான்? நீ அம்பது வரும்னுல்லா சொன்ன? ரீவேலுவேஷன் போடுட்டி. பதினொண்ணு என்ன பெரிய மலையா?"

"வரலேன்னா?"

"வரலேன்னா உங்க மாமா பிளெக்ஸ காமிச்சு வேலை கேளு. அதுல உள்ள பிள்ளைக்கு மருவே இல்ல, ஒன்னைய விட நல்லாருக்கா."

பொன்செல்வி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். அலிமா அதற்கப்புறம் கேலி பேசவில்லை. விண்ணப்பத்தை அவளே தன் போனில் நிரப்பினாள்.

அடுத்த இரண்டு வாரமும் பொன்செல்வி அந்த பஸ் ஸ்டாப்பில் நிற்கவில்லை. முக்கால் மைல் நடந்து அடுத்த ஸ்டாப்பில் ஏறினாள். எதிரே வருகிறவர்கள், "என்னம்மா, மெட்ராஸுக்கு என்னைக்குப் பொறப்பாடு?" என்றார்கள். அப்பா தளவாய், பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். காய் ஏற்றும் டெம்போ டிரைவர்கள் அவரை "மெட்ராஸ் அண்ணாச்சி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது, அலுத்துக்கொள்வதுபோல் சொல்வார். ஆனால் தினமும் சொல்வார்.

ஜூலை பதினாறில் ரீவேலுவேஷன் வந்தது. நாலு மார்க் கூடியிருந்தது. இன்னும் ஏழு குறைந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் அன்பாகத்தான் பேசினாள். ஐம்பத்தொன்பது புள்ளி ஏழு ஏழு அறுபது ஆகாது, சிஸ்டம் எடுக்காது, அடுத்த வருஷம் பாருங்கள் என்றாள். பொன்செல்வி நன்றி சொல்லிப் போனை வைத்தாள். ஏன் நன்றி சொன்னோம் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா அப்போது குற்றாலத்தில் இருந்தாள். சீசன் இரண்டரை மாதமும் ஐந்தருவிப் பக்கம் மங்குஸ்தான், ரம்புட்டான் கடை போடுவாள். பொன்செல்வி பஸ் ஏறிப் போனபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு ஈரத்தோடு நின்ற ஒருவர் பழத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமுக்காதீங்க அண்ணாச்சி, அதென்ன கார் டயரா?" என்றாள் பேச்சித்தாய். மகளைப் பார்த்ததும், "ஏட்டி, வந்துட்டியா? நல்லதாப் போச்சு, இங்கன உக்காரு. நான் ஒரு வாய் டீ குடிச்சிட்டு வாரேன்."

"அம்மா, வேலை இல்லன்னுட்டான்."

"எந்த வேலை?"

"மெட்ராஸ் வேலை. மார்க்கு பத்தல. ஏழு மார்க்கு."

பேச்சித்தாய் பழத்தை எண்ணிப் பையில் போட்டாள். நூறு எண்ணி முடித்து, வழக்கம்போல் மேலே நாலு போட்டாள். அவர் போனதும் மகள் பக்கம் திரும்பினாள்.

"நூறு பழத்துக்கு நாம நாலு பழம் சேத்துப் போடுதோம். அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன், ஏழு மார்க்கு போட்டுக்க மாட்டானாமா?"

"அது அப்படி இல்லம்மா."

"பொறவு எப்படி?"

பொன்செல்வி விளக்க வேண்டியது வேறொன்று இருந்தது. மூன்று வருஷமும் ஜூலையில் நடந்த முதல் இன்டர்னல் தேர்வுகளின்போது அவள் இந்தக் கடையில்தான் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு முதல் வருஷம் காய்ச்சல், அடுத்த வருஷம் கூட்டம், அதற்கடுத்த வருஷம் அதுவே பழக்கமாகிவிட்டது. தமிழில் இருபத்தைந்துக்குப் பன்னிரண்டுதான் வந்தது. அதைப் பல தடவை கூட்டிப் பார்த்துவிட்டாள். ஏழு மார்க் அதிலேயே தாராளமாக இருந்தது.

சாயங்கால பஸ்ஸில் திரும்பும்போது பேச்சித்தாய் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். தென்காசி தாண்டியதும் கேட்டாள்.

"காலேஜில ஜூலை மாசம் ஏதோ பரீச்சை வைப்பான்னு சொல்லுவியே. அதுவும் இதுல சேருமா?"

"சேராதும்மா."

"பொய் சொல்லாத."

"சேராதுன்னு சொல்லுதேம்லா."

பேச்சித்தாய் மடியில் இருந்த பழக்கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காலிக் கூடைதான்.

வீட்டில் பாண்டி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "கொடை முடியிற வரைக்கும் வாயத் தெறக்காதீங்க. செவ்வாய்க்கெழமை கொடத்த வாங்கிட்டு வந்துரட்டும். எவன் மார்க்கு லிஸ்ட்ட கேக்கப் போறான்?" என்றார்.

"நான் மேடை ஏற மாட்டேன் மாமா."

"ஏறலேன்னா ஊருக்கே தெரிஞ்சுரும்ட்டி."

"ஏறுனா எனக்குத் தெரியும்லா?"

தளவாய் சுவரோரம் உட்கார்ந்து கால் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "ஐம்பத்தொம்பதேமுக்காலுக்குப் பேரு என்ன?" என்று மகளைக் கேட்டார்.

"ரெண்டாம் வகுப்பு."

"ம்" என்றார். பாண்டியைப் பார்த்து, "மச்சான், காலைல கத்தி கொண்டா. கயிற அறுக்கணும்" என்றார்.

விடிந்ததும் இரண்டு பேருமாகக் கழற்றினார்கள். பால் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பாண்டி யாருக்கோ, "எழுத்துப் பிழை, மாத்தி அடிக்கப் போறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது பொன்செல்விக்கு வீட்டு வாசல்வரை கேட்டது. மரச்சட்டத்தைப் பாண்டி எடுத்துக்கொண்டார். பிளெக்ஸைத் தளவாய் சுருட்டித் தோளில் வைத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே நல்ல பிளெக்ஸ் வீணாவதில்லை.

பத்து மணிக்கு அம்மாவோடு குற்றாலம் பஸ்ஸில் அவள் போனாள். பாவூர்சத்திரத்தில் கத்தரிக்காய் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று நகர்ந்து வழிவிட்டது. மூட்டைகள் சாரலில் நனையாமல் மேலே அப்பா இழுத்துக் கட்டியிருந்த பிளெக்ஸை, மடிந்து தெரிந்த அதன் பச்சை ஓரத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். முகமும் எழுத்தும் உள்பக்கமாக இருந்தன. வெள்ளைப் பக்கத்தில் தண்ணீர் வழிந்தது.

மறுநாள் ஜூலை இருபது, மதிப்பெண் பட்டியல் அனுப்பக் கடைசி நாள். அவள் போனை எடுத்து, ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்றை மூவாயிரத்தால் இன்னொரு தடவை வகுத்துப் பார்த்தாள்.