ஏழு அம்புகள்

எதைப் பார்த்தாலும் சித்ரகலாவுக்கு முதலில் குறைதான் கண்ணில் படும். படாமல் என்ன செய்யும்? திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷமாகச் செக்கிங் மேஜை. ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டவேண்டும். நல்ல பீஸை மடித்துத் தள்ளிவிடலாம். அதை யாரும் நல்லாயிருக்கு என்று சொல்வதில்லை.

2007இல் அவளுக்கு வலைப்பூப் பைத்தியம் பிடித்தது. ஞாயிறு காலையில் பிரவுசிங் சென்டரில் கதைகளைப் பிரிண்ட் எடுப்பாள். வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் படித்து, அதிலும் அம்பு ஒட்டுவாள். அடுத்த ஞாயிறு அத்தனையையும் பின்னூட்டத்தில் கொட்டிவிட்டு வருவாள்.

மடத்துக்குளத்தில் உரக்கடை வைத்திருக்கும் கந்தவேல் முதன்முதலாக ஒரு கதை எழுதினார். நோயாளி அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் கூட்டி வருகிற மகனின் கதை. அதற்கு ஏழு அம்பு. "மூணு எடத்துல டீ வருதுங்க. ஒண்ணு போதுமுங்க" என்று வேறு எழுதினாள்.

அடுத்த ஞாயிறு போனால் வலைப்பூவையே காணோம். மெயிலில் அவரிடமிருந்து ஒரே வார்த்தை: "நன்றிங்க."

உடனே "ஏனுங்க, கதை எங்கீங்க?" என்று கேட்டு அனுப்பினாள். திங்களும் செவ்வாயும் கை பீஸில் நிற்கவில்லை. கறை பிடித்த பீஸ் ஒன்று தப்பிப்போய், சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். சோறு இறங்கவில்லை. பாவி, ஒரு மனுசனின் கையைக் கட்டிப்போட்டோமே என்று அதே நினைப்பு. புதன் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற அவிநாசிபாளையம் பஸ்ஸை விட்டுவிட்டுச் சென்டருக்கு ஓடினாள்.

பதில் வந்திருந்தது. "அழிச்சுட்டனுங்க. வேற காப்பி இல்லீங்க. நமக்கெல்லாம் எழுத்து வராதுங்க."

காப்பி அவளுடைய டிபன் பையில் இருந்தது, சாம்பார் கறையோடு. அம்புகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். பிறகு முதல் வரியிலிருந்து டைப் அடித்தாள்.

அப்பா கேட்டு வாங்கிக் குடித்தது முதல் டீ. பாதியில் வைத்தது இரண்டாவது. மூன்றாவதை மகன் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறுகிறான். அதைக் குடிக்க அப்பா இல்லை.

இதையா எடுக்கச் சொன்னோம் என்று அவள் கை அப்படியே நின்றது. பக்கத்துக் கம்ப்யூட்டர்க்காரர் திரும்பிப் பார்க்கிறார் என்று தெரிந்தும் கண்ணைத் துடைக்கவில்லை.

கதையை அனுப்பினாள். கீழே எழுதினாள்: "ஒரு எழுத்தும் மாத்துலீங்க. தப்பு எம்மேலதானுங்க. கதை ரொம்ப நல்லாயிருக்குதுங்க. நான் அழுதுட்டனுங்க."

ஞாயிற்றுக்கிழமை சென்டர் ஷட்டரைத் தூக்கும்போதே போய் நின்றாள். வலைப்பூ திரும்ப வந்திருந்தது. மூன்று டீயும் இருந்தன.