துரை காரின் சூடு

பண்டாரவளையில் என் கராஜுக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்திருந்தது. அதன் ஹீட்டரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, புது ஹோஸ் மாட்டி ஓடவிட்டேன். சூடான காற்றோடு கருகிய ரப்பர் வாசம் கிளம்பியது.

உடனே நான் சின்னப் பையனாக, எங்கள் தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த துரையின் காரில் இருந்தேன். வெளியே மழை. பதுளை ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வளைவுகள். கம்பளிக்குள் சுருண்டு அப்பா மடியில் கிடந்தேன். விறைத்த என் பாதங்களை அந்தச் சூட்டில் பிடித்து அப்பா தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "சின்ன வயசுல துரை கார்ல எதுக்கும்மா என்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்க?"

"நீ எங்கடா போன? நீ என்கூட லயத்து வீட்டுலதான் இருந்த. அந்தக் கார்ல துரைய விட்டா இன்னும் ஒரு ஆளுக்குத்தான் எடம். அப்பா தூக்கிட்டுப் போனது உன் தங்கச்சிய. காய்ச்சல்ல போன புள்ள, உசுரோட திரும்பி வரல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பயணத்தைப் பற்றி அப்பா சாகும்வரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு அந்த ஹீட்டர் சூடு எனக்கு எப்படித் தெரியும்? அதை அம்மாவிடமே கேட்டேன்.

அம்மா மெதுவாகக் கேட்டார்: "அவளுக்குக் காலு குளிரலதானே?"

"குளிரலம்மா. அப்பா தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு," என்றேன்.