மடங்காத சுண்டுவிரல்

மாலதியின் பெயரை என் கடையில் யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் எனக்கு வயிறு எரியும், அன்று வரும் கிராக்கியிடமும் எரிந்து விழுவேன். நான் நூர் நிஷா. தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் தோல் பை விற்கிறவள். இந்தக் கதையை விஜயராணிதான் சொல்ல வேண்டும். அவள் சொல்ல மாட்டாள், கேட்டால் "விடுட்டி" என்பாள். எனக்கு அப்படியெல்லாம் விடத் தெரியாது.

விஜயராணி என் கடைக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். ஆதார் திருத்தம், ரயில் டிக்கெட், பள்ளிக்கூட விண்ணப்பம், ஊரில் நடக்கும் கல்யாணத்துக்குப் பத்திரிகை என்று இந்தச் சந்துக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் அவள் கையால்தான் டைப் ஆகும். அவளுடைய அப்பா அம்மா அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். புருஷன் பேச்சிராஜா குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார்.

அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. சின்ன வயதில் பெல்ட் பக்கிள் அடிக்கிற பட்டறையில் வேலைக்கு இருந்தபோது மெஷின் கை மேல் இறங்கிவிட்டது. விரல் போகவில்லை, ஆனால் அன்றைக்கு விறைத்தது விறைத்ததுதான். கம்ப்யூட்டர் கீபோர்டில் கன்ட்ரோல் என்கிற பட்டன் இடது பக்கம் கீழ் மூலையில் இருக்கும். எல்லோரும் சுண்டுவிரலை மடக்கி அதை அழுத்துவார்கள். இவளால் முடியாது. உள்ளங்கையின் ஓரத்தைச் சாய்த்து அதன்மேல் வைப்பாள். மற்ற விரல்கள் மேலே வேலை பார்க்கும், சுண்டுவிரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

மவுஸைத் தொடவே மாட்டாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடை மவுஸ் கெட்டுப்போய், கடைக்காரர் நாளைக்கு வாங்குகிறேன், நாளைக்கு வாங்குகிறேன் என்று இழுத்தடித்தார். அந்தக் கடுப்பில் கீபோர்டை வைத்தே எல்லாம் பழகிக்கொண்டாள். பிறகு புது மவுஸ் வந்தும், அதன் வாலைப் பிடித்துச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டாள். இன்றும் அது அங்கேதான் தொங்குகிறது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பாள். எங்கள் பெண்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. இங்கிலீஷ் என்றால் பயம். ஆனால் லோக்கல் ட்ரெயின் தெரியாதவள் இங்கே யார்? அதனால் எல்லாவற்றுக்கும் ரயில் பேர் வைத்தாள். கன்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் கடைசியாகச் செய்த தப்பு இல்லாமல் போகும். அது ரிட்டர்ன் டிக்கெட், தப்பான ஸ்டேஷனில் இறங்கியவள் திரும்பி வருகிறாள். ஆல்ட்டும் டேபும் அழுத்தினால் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். அது பிளாட்பாரம் மாறுவது. விண்டோஸ் பட்டனும் வி எழுத்தும் அழுத்தினால் இதுவரை காப்பி பண்ணியது எல்லாம் வரிசையாக நிற்கும். அது லக்கேஜ் டப்பா. தெரியாமல் மூடிய பக்கத்தை கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரும்பக் கொண்டுவருவாள். அதற்குப் போன வண்டி என்று பேர். "பம்பாயில போன வண்டி திரும்பாது, இதுல மட்டும் திரும்பும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள், நாங்களும் ஒவ்வொரு தடவையும் சிரிப்போம். எனக்கு பில்லில் கடை முகவரியை அடித்து அடித்து அலுத்துப்போயிருந்தது. என் பெயரின் இரண்டு எழுத்தைத் தட்டி ஸ்பேஸ் அடித்தால் முகவரி முழுக்கத் தானாக வந்து விழும்படி செய்து கொடுத்தாள். அன்று அவளுக்கு நான் ஒரு கைப்பை கொடுத்தேன், வாங்கமாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அங்கே வந்து சேர்ந்தவள்தான் அந்த மகராசி மாலதி. மாட்டுங்காவில் ஆபீஸ் வேலை பார்க்கிற குடும்பம். பிள்ளைக்காக வேலையை விட்டு, பல வருஷம் கழித்துத் திரும்பப் போனால் எல்லாம் மாறியிருந்ததாம். சின்னப் பிள்ளைகள் முன்னால் தடுமாறி, அவமானப்பட்டு, அந்த வேலையும் போய், பயோடேட்டா பிரின்ட் எடுக்க இந்தக் கடைக்கு வந்தவள் கவுன்ட்டரிலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். விஜயராணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். மறுநாளிலிருந்து மாலதி தினமும் வந்தாள். அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். "எனக்குத் தங்கச்சி இல்லாத கொற தீந்துதுட்டி" என்று என்னிடம் விஜயராணி சொன்னாள். மாலதி கறி மீன் தொட மாட்டாள் என்று தெரிந்ததும் இவளும் மத்தியானத்துக்கு மீன் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காதவள், அந்தப் பெண்ணோடு ஒரே டப்பாவில் சாப்பிட வேண்டும் என்பதற்காகப் புடலங்காயும் கோஸும் தின்றாள்.

ஒருநாள் மாலதி போனை நீட்டி, நீங்கள் சொல்லிக்கொடுப்பதை வீடியோ எடுக்கட்டுமா என்று கேட்டாள். வராத பெண்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றாள். விஜயராணிக்கு ஆசைதான். ஆனால் முன்பு ஒரு ஆபீசில் இந்த விரலைப் பார்த்துவிட்டுத்தான் டைப்பிங் வேலைக்கு வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கதையை அன்றைக்கு மாலதியிடம் முழுதாகச் சொன்னாள். என்னிடம்கூட அவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை.

"மூஞ்சி வேண்டாம் தாயி. இந்த வெரலும் தெரியக் கூடாது" என்றாள்.

"எதுவும் தெரியாது அக்கா. நான் பாத்துக்கறேன்" என்றாள் மாலதி.

ஒரு வாரம் மத்தியானமெல்லாம் எடுத்தாள். பிறகு வெளிச்சம் பத்தவில்லை, சரியாக வரவில்லை என்று சொன்னாள். பிறகு பிள்ளைக்குப் பரீட்சை என்றாள். பிறகு வரவே இல்லை. விஜயராணி மட்டும் நல்ல பிள்ளை, பாவம், எங்காவது வேலை கிடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு செம்பூரிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. அங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் பெண்களுக்குத் தமிழில் கம்ப்யூட்டர் சொல்லித்தர டீச்சர் வேண்டும், பட்டம் தேவையில்லை, ஒரு வகுப்பு எடுத்துக் காட்டினால் போதும் என்று. விஜயராணி அதைப் பார்த்ததிலிருந்து அவளாக இல்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை என்றாள்.

"எல்லாரும் என்னைய ஜெராக்ஸ்காரின்னுதான் கூப்பிடுதாவ. ஒரு எடத்துலயாவது மேடம்னு கூப்பிடட்டும்ட்டி" என்றாள்.

என் கவுன்ட்டர் முன்னால் நின்று வகுப்பு எடுத்துப் பழகினாள். பை வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள். போகிற அன்று நான் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன். தீபாவளிக்கு எடுத்த மெரூன் சேலை கட்டியிருந்தாள். தோளில் நான் கொடுத்த பை. குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் வண்டிக்குப் பிளாட்பாரம் மாறும்போது "ஆல்ட்டு, டேபு" என்று சொல்லிச் சிரித்தாள்.

நிலையத்தை நடத்துகிற வானமாமலை சார் மரியாதையாகத்தான் கூப்பிட்டு உட்காரவைத்தார். அறையில் கம்ப்யூட்டர்கள் முன்னால் இளம்பெண்கள் இருந்தார்கள். நான் பின்னால் ஒரு நாற்காலியில். விஜயராணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். "தப்பான ஸ்டேஷன்ல எறங்கிட்டிய. என்ன செய்வீங்க?"

"ரிட்டர்ன் டிக்கெட்" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து பிளாட்பாரம் என்று தொடங்கினாள். அதையும் அவர்களே முடித்தார்கள். லக்கேஜ் டப்பாவையும் அவர்களே சொன்னார்கள். அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். முன் வரிசையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, ஆன்ட்டி, இதெல்லாம் மாலதி மேடம் வீடியோவில் இருக்கிறதே என்றாள். வானமாமலை சார் தன் போனில் அதைப் போட்டே காட்டினார்.

அதில் மாலதி உட்கார்ந்திருந்தாள், நல்ல விளக்கு, நல்ல சேலை, உதட்டுச் சாயம். அவள் சொன்னதெல்லாம் விஜயராணி வைத்த பேர்கள். "பம்பாய்ல போன வண்டி திரும்பாது, இதுல மட்டும் திரும்பும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புகூட விஜயராணி நிறுத்திச் சிரிக்கிற அதே இடத்தில் வந்தது. அல்லாவே, எனக்கு அந்தப் போனைப் பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

"நல்லாப் பாத்துப் பழகியிருக்கீங்கம்மா" என்றார் சார். மாலதி மேடத்தையே எடுத்தாகிவிட்டது, திங்கட்கிழமை சேருகிறார், வரச்சொன்னவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாதே என்றுதான் பார்த்தோம் என்றார். வேண்டுமானால் நீங்கள் அவர் பேட்ச்சில் சேர்ந்து படிக்கலாம் என்றும் சொன்னார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை.

விஜயராணி அவரைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எழுந்து பார்த்தேன். எல்லோரும் இடது உள்ளங்கையைச் சாய்த்து கன்ட்ரோல் மேல் வைத்திருந்தார்கள். எல்லோருடைய சுண்டுவிரலும் தனியாக, விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றது. வீடியோவில் மாலதியின் விரலும் அப்படித்தான் நின்றது.

"ஏம்மா இப்படி வைக்கிய?" என்று முன் வரிசைப் பெண்ணிடம் கேட்டாள்.

"மேடம் சொல்லியிருக்காங்க ஆன்ட்டி. இதுதான் கரெக்ட் முறையாம்."

விஜயராணி தன் இடது கையைத் தூக்கி, மற்ற விரல்களை மடக்கிக் காட்டினாள். சுண்டுவிரல் மட்டும் நின்றது. "எனக்கு இது மடங்காது. அதான் அப்படி" என்றாள். சார் அந்தக் கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷன் முகத்தில் அதை நான் பார்த்தேன். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஆர்டர் கொடுத்தாயிற்றே அம்மா என்றார். அவ்வளவுதான்.

செம்பூர் ஸ்டேஷனில் நான் மாலதிக்குப் போன் போட்டேன். என் வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, விஜயராணியிடம் கொடுங்கள் என்றாள். இவள் வாங்கிக் காதில் வைத்தாள். எனக்கும் நன்றாகக் கேட்டது.

"அக்கா, முகம் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க? யாராவது ஒருத்தர் முகம் வேணுமில்லையா?"

விஜயராணி போனை அணைத்து என்னிடம் கொடுத்துவிட்டாள். வண்டி வந்தது, ஏறினோம். குர்லாவில் இறங்கி, ஸ்டேஷன் பாலத்தில் கூட்டத்துக்கு நடுவே நின்றுவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள்.

"வெரல மறைன்னேன். அவ அதப் போயி பாடமா நடத்தியிருக்கா நூரு" என்றாள். பிறகு, "அவளுக்காவ மீனு கொண்டுவராம இருந்தேனேட்டி" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளும் அவள் ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள். மத்தியான வகுப்பை மட்டும் நிறுத்திவிட்டாள். பெண்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மீன் திரும்ப வந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம். நானும் அவளும் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அயிலை மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் போன் அடித்தது. மாலதி. எடுக்காதே என்றேன். கையெல்லாம் குழம்பு, அவள் புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மாலதி குரலைத் தாழ்த்திக்கொண்டு படபடவென்று பேசினாள். பெரிய திரையில் ரயில்வே சைட் திறந்து காட்டிக்கொண்டிருந்தாளாம், எழுத்தெல்லாம் திடீரென்று பூதம் மாதிரி வீங்கிவிட்டதாம், இரண்டு எழுத்துக்கு மேல் திரையில் தெரியவில்லையாம்.

"ரிட்டர்ன் டிக்கெட் போட்டேன் அக்கா, சரியாகல. நேத்தும் இப்படித்தான் ஆச்சு. க்ளாஸ் நடக்குது, ப்ளீஸ்."

நல்லா வேணும், கிட, வை போனை என்று நான் சைகை காட்டினேன். விஜயராணி எழுந்து போய்க் கை கழுவினாள், சேலையில் துடைத்தாள், வந்து உட்கார்ந்தாள். மாலதி ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஆணியில் தொங்கிய மவுஸை விஜயராணி ஒரு தடவை பார்த்தாள். பிறகு எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற அதே குரலில், அவசரமில்லாமல் பேசினாள்.

"கன்ட்ரோலும் பூஜ்யமும் அழுத்துங்க. சரியாவும். ஒரு கை மவுஸு சக்கரத்த உருட்டும்போது இன்னொரு கை கன்ட்ரோல் மேல சாஞ்சு கெடந்துச்சுன்னா எழுத்து அப்படித்தான் வீங்கும். நான் மவுஸு தொடுததில்ல, அதனால எனக்கு ஆவாது."

அந்தப் பக்கம் பட்டன் தட்டுகிற சத்தம் கேட்டது. பெண்கள் "ஆ, வந்துடுச்சு மேடம்" என்றார்கள். மாலதி தேங்க்ஸ் அக்கா என்று ஆரம்பித்தாள்.

"இனிமே சுண்டுவெரல வச்சு அழுத்துங்க மேடம்" என்றாள் விஜயராணி. "ஒங்களுக்கு அது மடங்கும்லா."